சென்னை–தில்லி விமானத்தில் 200 கிலோ எரிபொருளை எங்கே மிச்சம் பிடிப்பது?

சென்னையிலிருந்து தில்லிக்கு நேர்கோட்டில் சுமார் 1,760 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320நியோ ரக விமானம் இந்தத் தூரத்தைப் பறந்து முடிக்க ஏறக்குறைய 5 டன் எரிபொருள் பிடிக்கும். ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளில் உள்ள ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால், உள்ளே போனதைவிட வெளியே வருவது கனமாக இருக்கிறது. ஆக ஒரு பயணத்துக்குச் சுமார் 16 டன். 186 இருக்கைகளில் 158 நிரம்பியிருந்தால் தலைக்கு 100 கிலோ.

இந்தப் 16 டன்னில் 4 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி உண்டு. முதல் வழி, ‘சாஃப்’ என்று துறையில் சொல்லப்படும் நீடித்த விமான எரிபொருளை 5 சதவீதம் கலப்பது. அதாவது 250 கிலோ. அது சாதாரண எரிபொருளைவிட, மூலப்பொருளிலிருந்து எரித்து முடிப்பது வரையிலான வாழ்நாள் கணக்கில், 80 சதவீதம் குறைவாகக் கரியமில வாயுவை விடுகிறது என்று எடுத்துக்கொண்டால் 632 கிலோ குறையும். இரண்டாவது வழி, எதையும் புதிதாக வாங்காமல் 200 கிலோ எரிபொருளை எரிக்காமல் விடுவது. அதிலும் குறைவது அதே 632 கிலோதான். முதல் வழிக்கு விமான நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழியில் நிறுவனத்துக்குப் பணம் மிஞ்சும். ஆனால் விழா எடுத்து, விமானத்துக்குப் பச்சை வண்ணம் பூசிப் படம் எடுப்பதெல்லாம் முதல் வழிக்குத்தான்.

இந்தியாவில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது. அப்படியிருந்தும் இந்த 200 கிலோ ஏன் தினமும் எரிந்துபோகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. ஒரே இடத்தில் 200 கிலோ கிடைக்காது. முப்பது கிலோ இங்கே, ஐம்பது கிலோ அங்கே என்று பொறுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு முப்பது கிலோவுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய நியாயமான காரணம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும்போதே எரிவது

விமானத்தின் வால் நுனியில் ஒரு சின்ன என்ஜின் இருக்கிறது. ஏபியு என்பார்கள். பெரிய என்ஜின்கள் அணைந்திருக்கும்போது மின்சாரமும் ஏசிக்கான காற்றும் தருவது அதுதான். ஏ320 ரகத்தில் அது மணிக்குச் சுமார் 120 கிலோ எரிபொருளைக் குடிக்கும். 45 நிமிட இடைவெளியில் விமானத்தைத் திருப்பி அனுப்பும்போது ஏபியு முழுக்க ஓடினால் 90 கிலோ போய்விடும். அதற்குப் பதில் ஏறுபாலத்தோடு வரும் 400 ஹெர்ட்ஸ் மின் இணைப்பையும், குளிர்ந்த காற்றைக் குழாயில் அனுப்பும் வசதியையும் மாட்டிவிட்டு, புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு மட்டும் ஏபியுவைப் போட்டால் 20 கிலோவில் முடிந்துவிடும்.

எழுதிவைக்க எளிது. நடைமுறையில் இரண்டு இடத்தில் இடறும். குளிர்காற்றுக் குழாய் துணியும் ரப்பரும் சேர்ந்த தடித்த குழல். அது எங்காவது மடிந்தாலோ கிழிந்தாலோ வரும் காற்று பாதியாகக் குறையும். மே மாதச் சென்னை வெயிலில் தகடு காய்ந்திருக்கும் விமானத்துக்குள் 150 பேர் ஏறியபின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், பயணிகள் அட்டையை எடுத்து விசிறத் தொடங்குவார்கள், கேப்டன் ஏபியுவைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது இடறல், பாலம் இல்லாத நிறுத்தங்கள். பயணிகளைப் பேருந்தில் கொண்டுபோய் ஏற்றும் இடங்களில் டீசலில் ஓடும் மின் வண்டி வேண்டும். அந்த வண்டி ஏபியு குடிப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் குடிக்கும். ஆனால் விமானம் வந்து நிற்கும் நேரத்துக்கு வண்டி அங்கே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் ஏபியு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஓடுவதை அணைக்க யாருக்கும் மனம் வராது.

அடுத்து, தரையில் ஊர்வது. இரண்டு என்ஜினும் ஓட ஓடுபாதை வரை ஊர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ. நெரிசலான விமான நிலையத்தில் இருபது நிமிடம் சாதாரணம். ஒரே என்ஜினில் ஊர்ந்தால் பாதி மிச்சம் என்று தோன்றும். மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதான், ஏனென்றால் ஓடுகிற என்ஜின் இருவர் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஏ320 ரகத்தில் பெரும்பாலும் 1ஆம் எண் என்ஜினையே ஓடவிடுவார்கள். வழக்கமான பிரேக்குக்கு அழுத்தம் தரும் பச்சை ஹைட்ராலிக் அமைப்பு அதோடு இணைந்தது.

தரையிறங்கியபின் ஒரு என்ஜினை அணைப்பது சுலபம். மூன்று நிமிடம் ஆறவிட்டு அணைத்துவிடலாம். புறப்படும்போது இதைச் செய்வதுதான் நுணுக்கம். இரண்டாவது என்ஜினைத் தொடங்கி, அது சூடேறச் சில நிமிடம் கொடுத்து, சோதனைப் பட்டியலை முடித்து, அப்புறம்தான் முழு விசை கொடுக்கலாம். முன்னால் பத்து விமானம் நிற்கிறது என்று நம்பித் தாமதித்தால், கட்டுப்பாட்டு அறை திடீரென்று வரிசையை மாற்றி உங்களைக் கூப்பிடும். தயாரில்லை என்று சொன்னால் பின்னால் இருப்பவர்களும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் எரிவது நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். சீக்கிரமே தொடங்கிவிட்டால் மிச்சமே இல்லை. புறப்படும் வரிசையை முன்கூட்டியே நிமிடக் கணக்கில் சொல்லும் ஏற்பாடு விமான நிலையத்தில் இருந்தால்தான் இந்த முறை பலன் தரும். விமானி தனியாகச் சாதிக்கக்கூடியது அல்ல இது.

என்ஜினே இல்லாமல் ஊர ‘டாக்ஸிபாட்’ என்றொரு இழுவை வண்டி இருக்கிறது. விமானி தன் இருக்கையிலிருந்தே அதை ஓட்டலாம். பயணிகளோடு ஏ320 விமானத்தை அதில் இழுத்துச் சென்றது 2019 அக்டோபரில் ஏர் இந்தியா, தில்லியில். நல்ல கருவிதான். ஆனால் ஓடுபாதைக்கு அருகே கழற்றிவிட இடம் வேண்டும், கழற்றிய வண்டி விமானங்களுக்கு நடுவே திரும்பி வர வழி வேண்டும், அங்கே நின்று என்ஜினைத் தொடங்கிச் சூடேற்ற நேரம் வேண்டும். இடம் இறுகிய நிலையங்களில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது கடினம்.

வரி ஏற்றிய எடை

விமானத்தில் ஒரு டன் கூடுதலாகச் சுமந்தால், மணிக்கு அதில் சுமார் 3 சதவீத அளவு எரிபொருள் அந்தச் சுமைக்காகவே எரியும். தில்லிப் பயணத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்றால் டன்னுக்கு 80 கிலோ. இதனால்தான் காகிதக் கையேடுகள் போய் டேப்லெட் வந்தது, உணவுத் தள்ளுவண்டிகள் லேசாயின, தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பாமல் பயணத்தின் நீளத்தைப் பார்த்து நிரப்புகிறார்கள். பத்து கிலோ, நூறு கிலோ சமாச்சாரங்கள் இவை. விமானத்தில் தேவையில்லாமல் ஏறும் மிகப் பெரிய சுமை எரிபொருள்தான்.

அதில் ஒரு பகுதி பயத்தால் ஏறுகிறது. சட்டப்படி பயணத்துக்கானது, எதிர்பாராதவற்றுக்காக அதில் குறிப்பிட்ட விழுக்காடு, மாற்று விமான நிலையத்துக்கானது, கடைசிக் கையிருப்பாக 30 நிமிடத்துக்கானது என்று கணக்கிட்டுப் போடுகிறார்கள். இதற்கு மேல் கேப்டன் விரும்பினால் கூட்டிக்கொள்ளலாம். தில்லியில் டிசம்பர் மூடுபனியில் கூட்டுவது அறிவு. வானம் தெளிந்த மார்ச்சில், பழக்கத்தால் 500 கிலோ கூட்டுவது பயணத்துக்கு 40 கிலோவை வீணடிப்பது. அறிக்கை விட்டு இதை மாற்ற முடியாது; அந்தத் தடத்தில் கடந்த ஓராண்டில் எத்தனை விமானங்கள் கூடுதல் எரிபொருளை உண்மையிலேயே தொட்டன என்ற கணக்கைக் கேப்டனின் கையில் கொடுக்க வேண்டும். எண்ணைப் பார்த்து நம்பிக்கை வந்தால் அவரே குறைப்பார். கட்டாயப்படுத்தினால், பாதுகாப்பை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பும். அது நியாயமான பேச்சும்கூட.

மற்றொரு பகுதி வரியால் ஏறுகிறது. இதுதான் இந்தியாவுக்கே உரிய கதை. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி மாறுகிறது. தமிழ்நாட்டில் உள்நாட்டு விமானங்களுக்கு 29 சதவீதம். மும்பைப் பகுதிக்கு மகாராஷ்டிரம் 2023இல் 25 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. அடிப்படை விலை ஒன்றே என்று வைத்துக்கொண்டால் சென்னையில் நிரப்புவது மும்பையில் நிரப்புவதைவிட 9 சதவீதத்துக்கு மேல் விலை அதிகம். மும்பை–சென்னை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரப் பறப்பு. திரும்பி வரத் தேவையான 4 டன்னையும் மும்பையிலேயே நிரப்பிச் சுமந்து வந்தால், சுமக்கும் கூலியாக எரிவது ஐந்தே கால் சதவீதம், அதாவது 210 கிலோ. ஒன்பதிலிருந்து ஐந்தேகாலைக் கழித்தால் மீதி லாபம். கணக்காளர் கைதட்டுவார், வானத்தில் 660 கிலோ கரியமில வாயு கூடியிருக்கும். கனமாக இறங்குவதால் பிரேக்கும் டயரும் கூடுதலாகத் தேயும், அது வேறு கணக்கு.

இதை டேங்கரிங் என்பார்கள். ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகன்ட்ரோல் அமைப்பு 2019இல் போட்ட கணக்குப்படி இதனால் மட்டும் ஆண்டுக்கு 9 லட்சம் டன் கரியமில வாயு வீணாக வெளியேறியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி போட்டது: ஒவ்வொரு ஒன்றிய விமான நிலையத்திலிருந்தும் கிளம்பும் பயணங்களுக்கு ஆண்டு முழுதும் தேவைப்படும் எரிபொருளில் 90 சதவீதத்தையாவது அங்கேயே நிரப்ப வேண்டும். இந்தியாவில் அதற்கு விதிகூட வேண்டாம். மாநிலங்களுக்கிடையே வரி ஒன்றானால் டேங்கரிங்குக்குக் காரணமே இருக்காது. எரிபொருளை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது வருவாய்ப் பிரச்சினையாக மட்டுமே பேசப்படுகிறது. அதற்குள் சூழலும் ஒளிந்திருக்கிறது.

வேகம், உயரம், இறக்கம்

ஏ320 விமானத்தின் கணினியில் ‘காஸ்ட் இண்டெக்ஸ்’ என்று ஓர் எண்ணைப் போடுவார்கள். பறப்பில் ஒரு நிமிடம் கூடினால் ஆகும் செலவை ஒரு கிலோ எரிபொருளின் விலையால் வகுத்தால் வருவது அது. பூஜ்யம் போட்டால் விமானம் எரிபொருளைக் கஞ்சத்தனமாகச் செலவழித்து மெதுவாகப் பறக்கும். பெரிய எண் போட்டால் விரையும். ஒலி வேகத்தில் 0.78 மடங்குக்குப் பதில் 0.76இல் பறந்தால் தில்லிக்கு மூன்று நான்கு நிமிடம் தாமதமாகும், எரிபொருள் ஒன்றிரண்டு சதவீதம் குறையும். கோளாறு எங்கே வருகிறதென்றால், எண்ணை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு எரிபொருள் விலை ஏறியபின்னும் மாற்றாமல் விடுவதில். இன்னொன்று, தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்தைப் பிடிக்க விரைந்து போய், தில்லிக்கு மேலே வரிசையில் வட்டமடிப்பது. வட்டமடிக்கும்போது நிமிடத்துக்கு 40 கிலோ எரியும். கல்யாண வீட்டுக்கு ஓடிப்போய்ப் பந்தி வாசலில் நிற்கிற கதை. இறங்க இடம் எப்போது கிடைக்கும் என்பதை முக்கால் மணி நேரம் முன்பே விமானத்துக்குச் சொல்லிவிட்டால், உயரத்திலேயே வேகத்தைத் தணித்துக்கொண்டு வரலாம்.

உயரமும் அப்படித்தான். ஒவ்வொரு எடைக்கும் ஒரு சிறந்த உயரம் உண்டு. அதற்கு 2,000 அடி கீழே பறந்தால் ஒன்றிரண்டு சதவீதமும், 4,000 அடி கீழே என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் எரிபொருள் கூடும். இறக்கத்தைப் பொறுத்தவரை, 36,000 அடியிலிருந்து என்ஜினை ஏறக்குறையச் சும்மா விட்டுச் சறுக்கி வர சுமார் 200 கிலோமீட்டர் தூரம் தேவை. அதைப் படிக்கட்டுபோல் நடுநடுவே மட்டமாக்கினால், காற்று அடர்ந்த தாழ்ந்த உயரத்தில் என்ஜின் மறுபடி விசை கொடுக்க வேண்டும். ஏறும்போது தடுத்து நிறுத்துவதைவிட இறங்கும்போது தடுத்து நிறுத்துவது பல மடங்கு வீண் என்பதை ஐரோப்பிய அளவீடுகள் காட்டின. விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே தூரக் கணக்கு பரிமாறப்படாததே பெரும்பாலும் காரணம். இன்னும் எத்தனை கிலோமீட்டர் சுற்ற வைக்கப் போகிறார்கள் என்று தெரியாத விமானி, பாதுகாப்புக்காக முன்னதாகவே இறங்கிவிடுகிறார்.

நேர்பாதையே கிடைக்காத சிக்கலும் உண்டு. இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ராணுவத்துக்கு ஒதுக்கிய பகுதிகளைப் பயிற்சி இல்லாத நேரங்களில் திறந்துவிட்டால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிஞ்சும் என்பது அன்றைய மதிப்பீடு. எல்லைக்கு அப்பால் நடப்பது எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், தில்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. பல ஆண்டு சிக்கனத்தை ஒரே உத்தரவு தின்றுவிடும்.

சிக்கன என்ஜினின் விலை

மேலே சொன்னவை எல்லாம் சேர்ந்து நன்றாக நடந்தால் 4, 5 சதவீதம். ஒரே அடியில் 15 சதவீதம் வேண்டுமென்றால் விமானத்தை மாற்ற வேண்டும். பழைய ஏ320இன் என்ஜினில் எரியறைக்குள் போகும் ஒவ்வொரு பங்கு காற்றுக்கும் வெளிப்புறமாகத் தள்ளப்படுவது ஐந்தாறு பங்கு. நியோவின் பிராட் அண்டு விட்னி என்ஜினில் அது 12 பங்கு. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். இதே தத்துவத்தின் கடைசி எல்லைதான் காற்றாடி விமானம். சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற குறுந்தூரத்துக்கு ஓடும் ஏடிஆர் 72, அதே தூரத்தில் ஜெட்டைவிட 45 சதவீதம் வரை குறைவாக எரிக்கும் என்கிறது அதன் தயாரிப்பாளர். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் பெரிய எண்தான்.

சிக்கனத்துக்காக என்ஜினின் உள்வெப்பத்தையும் அழுத்தத்தையும் கூட்டியதில் பாகங்கள் தாக்குப்பிடிக்கும் காலம் குறைந்தது. அதிக வெப்பத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும். எரியறை வடிவமைப்பாளர்கள் அதோடு தனியாக மல்லுக்கட்டுகிறார்கள். பிராட் அண்டு விட்னி என்ஜினில் சுழலும் தட்டுகளுக்கான உலோகத் தூளில் மாசு இருந்தது 2023இல் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான என்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் பணிமனையில் 250 முதல் 300 நாள். இண்டிகோவின் பல பத்து விமானங்கள் தரையில் நின்றன. அந்த இடத்தை நிரப்ப பழைய என்ஜின் கொண்ட விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். புது விமானம் நிற்க, பழையது பறந்தது. மற்றொரு என்ஜினான லீப்பும் தூசியும் சூடும் மிகுந்த இந்தியா, வளைகுடா போன்ற இடங்களில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. அதன் வெப்பப் பகுதி பாகங்களுக்கு மேம்படுத்திய தொகுப்பு 2024 டிசம்பரில்தான் சான்றிதழ் பெற்றது.

இடையில் செய்யக்கூடிய எளிய வைத்தியம் கழுவுதல். காற்றழுத்தியின் தகடுகளில் தூசி, பூச்சி, சென்னை போன்ற கரையோர ஊர்களில் உப்பு எல்லாம் படியும். என்ஜினைக் கழற்றாமலே, எரியூட்டாமல் சுழலவிட்டு, சூடான தூய நீரை முன்பக்கம் பீய்ச்சுவார்கள். வெளியேறும் வாயுவின் வெப்பம் சுமார் 10 டிகிரி தணியும். எரிபொருள் அரை முதல் ஒரு சதவீதம் மிஞ்சும். கழுவிய நீரில் உலோகத் துகள்களும் எண்ணெயும் இருக்கும், சாக்கடையில் விடக்கூடாது, பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். கழுவி முடித்தபின் உலர ஓடவிட வேண்டும். இரவு நிறுத்தத்தில் மொத்தமாக இரண்டு மணி நேரமாவது கிடைத்தால்தான் நடக்கும். அது கிடைக்காத பரபரப்பான அட்டவணையில் முதலில் தள்ளிப்போவது இதுதான்.

வானத்தில் வெள்ளைக் கோடு

உலகின் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். ஆனால் புவி சூடாவதில் அவற்றின் பங்கு 3.5 சதவீதம் என்று 2021இல் வெளியான விரிவான மதிப்பீடு சொன்னது. கூடுதல் சூட்டில் பெரும்பங்கு, விமானத்துக்குப் பின்னால் விழும் வெள்ளைக் கோடுகளுடையது. என்ஜினிலிருந்து வரும் நீராவி புகைக்கரித் துகள்களின் மேல் உறைந்து பனிப் படிகமாகிறது. காற்று வறண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் மறையும். பனிப் படிகம் உருவாகத் தேவையானதைவிட ஏற்கெனவே அதிக ஈரம் நிறைந்த அடுக்காக இருந்தால் கோடு பரவி, மணிக்கணக்கில் மெல்லிய மேகமாக நின்று, பூமியிலிருந்து போகும் வெப்பத்தைத் தடுக்கும். பகலில் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் ஈடுகட்டும். இரவில் அதுவும் இல்லை.

அந்த ஈர அடுக்குகள் அகலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்திருந்தாலும் தடிமனில் சில நூறு மீட்டர்தான். எனவே 2,000 அடி ஏறினாலோ இறங்கினாலோ தப்பிக்கலாம். ஜப்பான் வான்வெளியை வைத்து 2020இல் வந்த ஆய்வு, 2.2 சதவீத விமானங்களே இந்தச் சூட்டில் 80 சதவீதத்துக்குப் பொறுப்பு என்றது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் 2023இல் 70 பயணங்களில் முயன்று கோடுகளை 54 சதவீதம் குறைத்தன. அந்தப் பயணங்களில் எரிபொருள் 2 சதவீதம் கூடியது. ஆனால் நூற்றில் சில விமானங்களை மட்டும் திருப்பினால் போதும் என்பதால் மொத்தக் கூடுதல் மிகச் சிறிது. இந்தக் கட்டுரையில் உள்ள வழிகளிலேயே விலை மலிவானது இதுதான் என்பேன். அதே சமயம் முன்னெடுக்க ஆள் இல்லாத வழியும் இதுதான். எரிபொருள் கூடும் என்பதால் நிதிப் பிரிவு விரும்பாது, உயர மாற்றம் கேட்டால் கட்டுப்பாட்டாளருக்குச் சுமை, உச்சிக்காற்றின் ஈரத்தைக் கணிக்கும் வானிலை மாதிரிகள் இன்னும் தடுமாறுகின்றன. தவறாகக் கணித்தால் எரிபொருளும் போய் கோடும் விழும். ஐரோப்பாவில் 2025 ஜனவரி முதல் கரியமில வாயு அல்லாத விளைவுகளையும் நிறுவனங்கள் கணக்கில் பதிய வேண்டும்.

தென்னிந்தியாவுக்கு மேல் நிலைமை சற்று வேறு. வெப்பமண்டலத்தில் அதே 35,000 அடியில் காற்று ஐரோப்பாவைவிடச் சூடு. கோடு விழத் தேவையான ஏறக்குறைய கழித்தல் 40 டிகிரிக் குளிர் இங்கே இன்னும் உயரத்தில்தான் உறுதியாகக் கிடைக்கும். சென்னை–தில்லி விமானம் வடக்கே போகப்போக, குறிப்பாகக் குளிர்கால இரவில், கவனிக்க வேண்டியதாகிறது.

சமையல் எண்ணெயும் கரும்பும்

இப்போது அந்த 250 கிலோவுக்கு வருவோம். இன்று கிடைக்கும் சாஃப் பெரும்பாலும் பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றிலிருந்து வருகிறது. எண்ணெயில் உள்ள ஆக்சிஜனை ஹைட்ரஜன் கொண்டு நீக்கி, நீண்ட சங்கிலிகளை உடைத்து மடக்கி, குளிரில் உறையாதபடி செய்கிறார்கள். ஒரு டன் எண்ணெயில் விமானத்துக்கென்று கிடைப்பது பாதியளவு. மீதி டீசல், நாப்தா, வாயு. கூடுதலாக விமான எரிபொருள் வேண்டும் என்று சங்கிலியை மேலும் உடைத்தால் ஹைட்ரஜன் செலவு ஏறும், வாயுவாகப் போவதும் ஏறும். டீசலாக விற்றால் சுலப லாபம் என்பதால் ஆலைக்காரருக்கு விமானம் முதல் தேர்வாக இருப்பதில்லை.

சாஃபை ஏன் பாதிக்கு மேல் கலக்கக்கூடாது என்கிறார்கள்? இப்படிச் செய்த எரிபொருளில், கரி அணுக்கள் வளையமாகக் கோத்திருக்கும் அரோமேட்டிக் சேர்மங்கள் இல்லை. குழாய் இணைப்புகளில் உள்ள நைட்ரைல் ரப்பர் வளையங்கள் அந்தச் சேர்மங்களை உறிஞ்சி உப்பியிருப்பதால்தான் கசியாமல் அடைக்கின்றன. திடீரென்று அவை இல்லாவிட்டால் வளையம் சுருங்கிக் கசியும். எனவே கலவையில் 8 சதவீதமாவது அரோமேட்டிக் இருக்க வேண்டும் என்பது தர விதி. வேடிக்கை என்னவென்றால், புகைக்கரியையும் வெள்ளைக் கோட்டையும் வளர்ப்பது அதே அரோமேட்டிக்தான். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு வர்ஜின் அட்லாண்டிக் 100 சதவீதம் சாஃப் கொண்டு பறந்தபோது, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்த அரோமேட்டிக்கை 12 சதவீதம் சேர்த்திருந்தார்கள்.

இந்தியாவில் 2018 ஆகஸ்டில் டேராடூன்–தில்லி இடையே ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளோடு பறந்தது. சோதனைக்கும் வணிகத்துக்கும் நடுவே ஏழு ஆண்டு ஓடிவிட்டது. 2025இல் இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து ஆண்டுக்கு 35,000 டன் செய்யச் சான்று பெற்றது. நாட்டில் ஆண்டுக்கு விற்பனையாகும் விமான எரிபொருள் சுமார் 90 லட்சம் டன். ஒப்பிட்டால் அரை சதவீதம்கூட இல்லை. எண்ணெய் கிடைக்காததல்ல, சேராததுதான் முடிச்சு. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலேயே விதித்தது. பெரிய உணவகச் சங்கிலிகள் கொடுக்கின்றன. தெருவோர பஜ்ஜிக் கடையின் கறுத்த எண்ணெய் இன்னொரு சின்னக் கடைக்கு மலிவாகப் போய்விடுகிறது. வாங்குபவர் அதைவிட அதிக விலை கொடுத்துக் கடை வாசலில் வந்து எடுக்காதவரை இது மாறாது. விலை மிக ஏறினால் நேர்மாறான திருட்டு தொடங்கும்: புதிய பாமாயிலையே பழைய எண்ணெய் என்று விற்கும் சந்தேகம் ஐரோப்பியச் சந்தையை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கிறது. அப்படி நடந்தால் 80 சதவீதக் குறைப்பு என்ற கணக்கே பொய்.

அடுத்த மூலப்பொருளாக எத்தனாலைச் சொல்கிறார்கள். வேதியியல் இங்கே கொஞ்சம் கொடியது. எத்தனாலிலிருந்து நீரை நீக்கினால் எடையில் 61 சதவீதம்தான் எத்திலீனாக மிஞ்சும். எனவே ஒரு டன் எரிபொருளுக்குக் குறைந்தபட்சம் 1.6 டன் எத்தனால் வேண்டும். அதே எத்தனாலைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கவும் கேட்கிறார்கள், கரும்போ தண்ணீரைக் கேட்கிறது. மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கரியமில வாயுவோடு சேர்த்துச் செய்யும் செயற்கை எரிபொருள் நிலத்தைக் கேட்காது. ஆனால் ஒரு கிலோவுக்குள் அடங்கும் 12 யூனிட் ஆற்றலுக்காகச் சுமார் 25 யூனிட் மின்சாரம் செலவாகும்.

பேட்டரி விமானத்தைப் பற்றி ஒரு வரி போதும்: சென்னை–தில்லி தூரத்துக்கு மின்மோட்டாரின் திறனைக் கணக்கில் சேர்த்தாலும் இன்றைய பேட்டரிகளில் ஏறக்குறைய 100 டன் வேண்டும், நியோவின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையே 79 டன்.

விலைக்கு வருவோம். சாஃப் மூன்று மடங்கு விலை என்று கொண்டால், 5 சதவீதக் கலப்பு எரிபொருள் செலவை 10 சதவீதம் ஏற்றும். மொத்தச் செலவில் 4 சதவீதம். ஆறாயிரம் ரூபாய் டிக்கெட்டில் 240 ரூபாய். தாங்க முடியாத தொகை அல்ல. ஆனால் ஒரு நிறுவனம் மட்டும் ஏற்றினால் பயணி அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவான கட்டாயம் இல்லாமல் இது நகரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6, 2050இல் 70 என்று விதித்திருக்கிறது. இந்தியா 2027இல் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 என்று இலக்கு வைத்திருக்கிறது, அதுவும் முதலில் வெளிநாட்டுப் பயணங்களுக்கு மட்டும். 2019 அளவில் 85 சதவீதத்துக்கு மேல் போகும் உமிழ்வுக்கு, வேறெங்கோ உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளை ஈடாக வாங்கச் சொல்லும் கோர்சியா என்ற உலகளாவிய திட்டமும் 2027இலிருந்து இந்தியாவுக்குப் பொருந்தும். அதுவும் நாடுகளுக்கிடையிலான விமானங்களுக்கே.

ஆக, சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் இந்த விமானத்தை இன்றைக்கு எந்த விதியும் தொடவில்லை. அதன் 200 கிலோவைத் தீர்மானிப்பது குளிர்காற்றுக் குழாயில் உள்ள ஓட்டை, கேப்டனின் கையில் உள்ள புள்ளிவிவரம், தில்லிக் கட்டுப்பாட்டு அறையின் வரிசை, இரண்டு மாநில அரசுகளின் வரி விகிதம்.